மீன்வளப் பட்டப்படிப்பு எப்படி? கடலை நிர்வகிக்கும் பொறுப்புக்கு வர நினைப்பவர்களுக்காக ஒரு விமர்சனம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பி.எஃப்.எஸ்சி. (மீன்வள இளநிலைப் பட்டம்) சேர்க்கலாமா, வேலை கிடைக்குமா? வேலை விஷயத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்தப் படிப்பை நான் எடைபோடப் போவது வேறு ஒரு தேவையை வைத்து. கடல் மீன்வளத்தையும், மீன் முட்டையிட்டு வளரும் பவளப்பாறை, கடற்புல், அலையாத்திக்காடு இதையெல்லாம் சேர்த்து நிர்வகிக்கும் பொறுப்பில், முடிவெடுக்கும் இடத்தில் ஒருநாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? தூத்துக்குடியில் படித்து, அப்புறம் கரையோர ஊர்களிலேயே வேலை பார்த்து வருகிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அடிப்படை விவரங்களை முதலில் முடித்துவிடலாம். நான்கு ஆண்டுப் படிப்பு. இந்தியாவில் மீன்வளத்துக்கென்று முதல் கல்லூரி 1969-ல் மங்களூரில் வந்தது, தூத்துக்குடிக் கல்லூரி 1977-ல். முதலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது, பிறகு கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, 2012-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்து மீன்வளத்துக்கே தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் அதில் சேர்ந்தது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் க்யூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். செலவு என்று பார்த்தால் தனியார் பொறியியல் கல்லூரி பக்கத்தில்கூட வராது.

அறிவியல் பக்கம் இந்தப் படிப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மீனின் உடற்கூறு, நோய், தீவனம், நீரின் வேதியியல், வலை, படகு, இன்ஜின், பதப்படுத்துதல், நுண்ணுயிரியல், புள்ளியியல் என்று எல்லாமே இருக்கிறது, அதுவும் கரும்பலகையோடு நின்றுவிடாமல். வலை முடியக் கற்றுக்கொள்வீர்கள், பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் காரல் மீன் வகைகளை வாய் நீளும் திசையைப் பார்த்துப் பிரிப்பீர்கள், பயிற்சிப் படகில் போய் வாந்தி எடுத்துக்கொண்டே நீரின் உப்புத்தன்மையை அளப்பீர்கள். மீனின் தலைக்குள் ஒரு சின்னக் கல் இருக்கும், செவிக்கல் என்று சொல்வோம். தலையைக் குறுக்கே வெட்டி, மூளைக்கு அடியில் உள்ள குழியிலிருந்து இடுக்கியால் அதை எடுத்து, தேய்த்து மெலிதாக்கி, நுண்ணோக்கியில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும், அதை எண்ணித்தான் மீனின் வயதைச் சொல்கிறோம். கத்தாளை மீனில் இந்தக் கல் நல்ல பெரிதாக இருக்கும், பழகுவதற்கு வசதி. குளிர்நாட்டு மீன்களுக்கு விழுவதுபோல நம் கடல் மீன்களுக்கு ஆண்டு வளையம் அத்தனை தெளிவாக விழாது, அதனால் சின்ன மீன்களில் நாள் வளையத்தையே எண்ண வேண்டியிருக்கும், கண் எரிந்துபோகும். ஆனாலும் ஒரு மீன் எந்த வயதில் முட்டையிடுகிறது, அதற்கு முன்பே எத்தனை மீன் வலையில் மாட்டுகிறது என்று தெரியாமல் எந்தக் கட்டுப்பாட்டையும் யாரிடமும் நியாயப்படுத்திப் பேச முடியாது. கேரளம் 2015-ல் மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பு அளவு கொண்டுவந்ததற்கு அடியில் இருப்பது இந்த மாதிரி வேலைதான்.

இறங்குதளத்தில், அதாவது படகுகள் மீனை இறக்கும் இடத்தில், எடுக்கும் கணக்கும் அப்படித்தான். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், சி.எம்.எஃப்.ஆர்.ஐ., பல வருடம் நம் மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து 1971-ல் கொச்சிக்குப் போனது. நாடு முழுக்க எவ்வளவு மீன் கரைக்கு வருகிறது என்று மதிப்பிட மாதிரி எடுக்கும் முறை ஒன்றை வகுத்தது அவர்கள்தான். எல்லாப் படகையும் எண்ண முடியாது, எந்த ஊர், எந்த நாள், எந்தப் படகு என்று முறைப்படி தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுவார்கள். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி, ஆகவே துறைமுகத்தில் கணக்கெடுப்பது ராத்திரி வேலை. ஏலம் ஆரம்பிப்பதற்குள் கூடையில் கைவிட்டு மீனை எடுத்து, அளவுப் பலகையில் நீட்டிவைத்து, நீளம் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துவிடும், ஏலக்காரர் "தள்ளுங்க தள்ளுங்க" என்று விரட்டுவார்.

ஆனால் உண்மையான பாடம் ஓரத்தில் கொட்டிக்கிடக்கும் குவியலில் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் அதைச் சங்காயம் என்பார்கள். மடி (கடலடியை அரித்து இழுக்கும் இழுவலை) இழுத்த படகில் வந்த, விலைக்குப் போகாத எல்லாமும் அதில் இருக்கும். ஒரு கூடையைக் கொட்டிக் கிளறிப் பாருங்கள்: விரல் நீளம்கூட இல்லாத பாறை மீன் குஞ்சு, ஓடு இறுகாத நண்டுக்குஞ்சு, நெத்திலி, கணவாய்க்குஞ்சு, கடல்குதிரை, பிய்ந்து வந்த கடற்புல். மொத்தமும் கிலோ கணக்கில் தீவன ஆலைக்குப் போய்விடும். அடுத்த வருடம் பிடிக்க வேண்டிய மீனும் அது வளர வேண்டிய இடமும் ஒரே கூடையில் கிடப்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு, மீன்வளம் வேறு, வாழிடம் வேறு என்று பிரித்துப் பேசவே தோன்றாது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்ததற்காகவே இந்தப் படிப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, குறைக்கு வருகிறேன். குறை என்று நான் நினைப்பது பெரியது.

பாடத்திட்டத்தில் கணிசமான பங்கு மீன்வளர்ப்புக்கே போய்விடுகிறது. குளம், இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், தீவனம். வேலை அங்கேதான் அதிகம், அதனால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கடல் மீன்பிடியை நிர்வகிப்பது என்பது அடிப்படையில் மனிதர்களுக்கு இடையே இருக்கும் வழக்கைத் தீர்ப்பது. அதற்கு இருப்பது சட்டம், கொள்கை பற்றிய ஒரு சிறிய பாடமும் விரிவாக்கக் கல்வியும் (மீனவர்களிடம் அறிவியலைக் கொண்டுசேர்க்கும் பாடம்)தான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது என்று தேர்வுக்குப் படிப்போம். விசைப்படகு கரையை ஒட்டிய கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதினால் மார்க் வரும். ஏன் அந்த வரி சட்டத்துக்குள் வந்தது, அதற்கு முன் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் எத்தனை மோதல் நடந்தது, பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு எப்படிப் பிறந்தது, அது எங்கே இன்னும் நிற்கிறது, எங்கே கிழிந்துவிட்டது, இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து விவாதித்தால் அது எவ்வளவு பெரிய பயிற்சியாக இருக்கும்! மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு தடை செய்த வலை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. 12 மைலுக்குள் கடல் மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு வெளியே 200 மைல் வரை ஒன்றியத்தின் பொறுப்பு என்பதால்தான் இந்தக் கோடு. அந்தப் படகு கரைக்குத் திரும்பும்போது 12 மைலையும் கடந்துதானே வர வேண்டும், உள்ளே வலைபோட்டதா வெளியே போட்டதா என்று யார் பார்ப்பது? மீன்துறையில் முதல் பொறுப்பு ஏற்கும் ஒரு இளம் அதிகாரி மோதிக்கொள்ளும் சுவர் இது, வலைக்கண் அளவு அவருக்கு அங்கே உதவாது.

வாழிடம் விஷயத்தில் இன்னும் சிக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் 1986-ல் தேசியப் பூங்காவானது, அது வனத்துறையிடம் இருக்கிறது. அதே தண்ணீரில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் மீனவருக்குப் படகுப் பதிவு, மானியம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாம் மீன்துறை. மீன் ஒரு துறையிடம், மீனின் வீடு இன்னொரு துறையிடம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது: ஆமை வனத்துறைக்கு, படகு மீன்துறைக்கு, ரோந்து என்றால் கடலோரக் காவல் படையும் வர வேண்டும். மடியில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தவில்லை என்பதற்காக நம் கடல் இறாலை அமெரிக்கா 2019-லிருந்து வாங்குவதில்லை, ஆக இது வெறும் இரக்கம் சார்ந்த விஷயம் இல்லை, மீனவரின் வருமானமும் இதில் இருக்கிறது. இரண்டு துறை ஆட்களையும் விசைப்படகு உரிமையாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேச வைக்கத் தெரிந்தவர்தான் இங்கே தலைவர். அந்த வித்தைக்கு நான்கு வருடத்தில் முறையான பயிற்சி என்று எதுவும் கிடைக்காது.

ஆராய்ச்சி உலகத்தில் மனம் நிறைகிற வேலைகள் நடக்கத்தான் செய்கின்றன. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவு 1969-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்து எடுத்து, 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. தீவின் கடல் பக்கம் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளை வரிசையாக இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள், தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் இதில் முக்கியப் பங்கு வகித்தது. அரிப்பு தணிந்தது, கட்டமைப்புகளில் மீன் கூடியது. மீன்வள மாணவர்கள் ஒவ்வொரு பேட்சும் இதைப் போய்ப் பார்த்து, யார் பணம் கொடுத்தார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள், பக்கத்து ஊர் மீனவர்களிடம் என்ன பேசினார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கினால் நன்றாக இருக்கும்.

இத்தனை குறை சொன்னாலும், கடைசி வருடத்தில் வரும் கிராம அனுபவப் பயிற்சியை வைத்து இந்தப் படிப்பை மன்னிக்கலாம். மீனவ ஊர்களோடு நெருங்கிப் பழகி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, பிரச்சினைகளைக் கேட்டு எழுதும் பகுதி அது. இதை ரெக்கார்டு நோட்டு நிரப்பும் வேலையாக நினைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு, அவர்கள் படிப்பின் சாரத்தையே தவறவிடுகிறார்கள். எங்கள் குழு போன ஊரில் கமிட்டிக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார அனுமதி கிடைத்தது. வலை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, என்கிட்ட எத்தனை வலை இருக்குன்னு கேட்டிருக்கீங்க. போன வாரம் விசைப்படகு வந்து அறுத்துட்டுப் போனது எத்தனைன்னு ஏன் கேக்கல?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அத எழுதினா யாருகிட்ட குடுப்பீங்க தம்பி?" என்று கேட்டார். "காலேஜ்ல குடுப்போம் அண்ணாச்சி" என்றான் நண்பன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில்தான் நீவாடு (நீரோட்டம்) மாறுவதைப் பார்த்து எந்த மீன் எந்தப் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டு) வரும் என்று சொல்வதையும் கேட்டோம், அந்தத் தகவலில் பாதி எங்கள் புத்தகத்தில் இல்லை. காற்றையும் நீரோட்டத்தையும் அவர்கள் படிக்கும் விதத்தை மதித்துக் கேட்கத் தெரிந்த அதிகாரியிடம்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள், மற்றவர்களுக்கு மானியப் படிவத்துக்குத் தேவையானது மட்டும்தான் கிடைக்கும்.

தலைமை என்றதும் அரசு நாற்காலி மட்டுமே நினைவுக்கு வரக் கூடாது என்பதற்காக இரண்டு பேரைச் சொல்கிறேன். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, சிறு வயதிலிருந்து கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர். தீவுகளுக்குப் போகக் கூடாது என்று நெருக்கடி வந்தபோது பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியவர். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, தடைக்காலத்தில் எடுக்காமல் இருப்பது, பாறையைச் சுரண்டும் கருவி பயன்படுத்தாமல் இருப்பது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். 2015-ல் அவருக்கு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது கிடைத்தது. வாழிட மேலாண்மை என்று நாம் படிப்பதை அவர்கள் தண்ணீருக்குள் செய்து காட்டினார்கள். இன்னொருவர் சந்திரிகா சர்மா. சென்னையிலிருந்து இயங்கிய ஐ.சி.எஸ்.எஃப். என்ற மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பின் செயலாளர். சிறுதொழில் மீனவர்களுக்கென்று உலக அளவில் ஒரு வழிகாட்டி நெறிமுறை வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தவர்களில் முக்கியமானவர். 2014 மார்ச் 8-ல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370-ல் அவர் இருந்தார், ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூனில் அந்த நெறிமுறை ஏற்கப்பட்டபோது அவருக்கே அது அர்ப்பணிக்கப்பட்டது. நம் ஊரில் இருந்து உலகக் கடல் மீனவர்களுக்காகப் பேசிய ஒருவரைப் பற்றி மீன்வள மாணவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை, எனக்கு இது பெரிய வருத்தம்.

வேலை வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. மூலம் சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர். உதவி இயக்குநர் என்பது கரையோரத்தில் உண்மையான அதிகாரம் உள்ள பதவி, படகு உரிமம் முதல் தடைக்கால அமலாக்கம் வரை அந்த மேசைக்குத்தான் வரும், ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து வயது போகும். துறையின் உச்சியில் ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் இருப்பார், அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். ஆராய்ச்சி என்றால் எம்.எஃப்.எஸ்சி. (முதுநிலை), பிஎச்.டி., மும்பையில் 1961-லிருந்து இயங்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், சி.ஐ.எஃப்.இ., நல்ல இடம், அங்கே நாடு முழுவதிலிருந்தும் வரும் சகமாணவர்களின் தொடர்பே பெரிய சொத்து. அப்புறம் ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுதி சி.எம்.எஃப்.ஆர்.ஐ. மாதிரி நிறுவனங்களில் விஞ்ஞானி ஆகலாம். இறால் தீவன நிறுவனம், ஏற்றுமதி நிறுவனம், வங்கி வேலையும் உண்டு, நிறையப் பேர் அங்கேதான் போகிறார்கள், தப்பில்லை. மீனவ ஊர்களில் அரசுக்கும் மீனவருக்கும் இடையே பாலமாக இருக்கும் சாகர் மித்ரா போன்ற ஒப்பந்த வேலையைக் கேவலமாக நினைக்க வேண்டாம், ஒரே ஊரில் இருந்து மீனவர் குடும்பங்களைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு பெரிய பதவியில் கிடைக்காது.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். ராத்திரி இறங்குதள வேலை இருக்கிறது, கழிப்பறை வசதி சரியில்லாத தளங்கள் இன்னும் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் கரையில் மீன் வாங்கி விற்பதும், கருவாடு போடுவதும், கடன் வாங்கி அடைப்பதும் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு பெண் அதிகாரி தேவைப்படுகிறார்.

மதிப்பெண் கேட்டால், அறிவியலுக்கு 5-க்கு நாலரை. செலவுக்குக் கிடைக்கும் பயனுக்கு முழு 5. கடலை நிர்வகிக்கும் பொறுப்புக்குத் தயார் செய்வதில் 2, அதையும் கிராமப் பயிற்சிக்காகத்தான் கொடுக்கிறேன். சேருகிறவர்கள் அந்த இடைவெளியை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்: 1983 சட்டத்தை முழுசாகப் படியுங்கள், விடுமுறையில் ஊருக்குப் போவதற்குப் பதிலாக ஒருமுறையாவது மீனவ ஊர்களான வேதாளை, சின்னப்பாலம் பக்கம் தங்கிப் பாருங்கள், வனத்துறை நடத்தும் ஆமை, பவளப்பாறைக் கணக்கெடுப்புகளில் தன்னார்வலராகச் சேருங்கள், கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு முன் கடைசிவரை உட்கார்ந்து கேட்கப் பழகுங்கள். மேசைக்குப் பின்னால் ஏசி அறை வேலைதான் வேண்டும் என்றால் இந்தப் படிப்பு வேண்டாம், நான்கு வருடமும் மீன் வாடையோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போவீர்கள்.

விண்ணப்பம் போடும் முன் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ஒரு இறங்குதளத்தைப் போய்ப் பாருங்கள். ஒன்று கவனிக்க வேண்டும், ப்ளஸ் டூ முடிந்து கல்லூரி தேடும் நாட்கள் தடைக்காலத்தில் வரும். 2001-ல் 45 நாளாக ஆரம்பித்து 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, துறைமுகத்துக்குப் போனால் கட்டிவைத்த படகுகளைத்தான் பார்ப்பீர்கள். தூத்துக்குடி தெரேஸ்புரம் மாதிரி நாட்டுப்படகு இறங்கும் இடத்துக்குப் போங்கள்.